சந்தனம் பூசிய கார்

எங்கள் வீட்டில் பதினொரு பேர் இருந்த காலத்தில், பெரியப்பா இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு காரை வாங்கிக்கொண்டு வந்தார். மலைமேல் ஓர் எஸ்டேட் பங்களாவில், என்றோ ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போன பிரிட்டிஷ் வண்டி அது. அதற்குள் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்ததாம். பச்சை நிறம், கம்பிச் சக்கரங்கள், மடக்கி வைக்கிற துணிக்கூரை, என் இடுப்புக்குக்கூட எட்டாத கதவு. போடியில் பெரியப்பாவைப் போன்ற ஏலத்தோட்டக்காரர் ஒருவர் ஜீப் வாங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இதைப் பார்க்கத் தெருவே திரண்டு வந்தது.

"ஏண்ணே, இதுல ஒரு மூட்டை ஏலக்காயி ஏத்துனா, ஓட்டுறவன் எறங்கி நடக்கணுமே?" என்று எதிர்க்கடைக்காரர் கேட்டார்.

"நடக்குறது ஒடம்புக்கு நல்லதுதானப்பா" என்றார் பெரியப்பா. அவருக்குக் கோபமே வராது. வந்தாலும் அது எங்கள் அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடும். அவர் பங்கையும் சேர்த்து அம்மாதான் எங்களை அடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி வீட்டுக்குப் பின்னாலிருந்த களத்துக்கு வரும். ஒரு வாளித் தண்ணீரில் தலைக்குப் போடுகிற ஷாம்புப் பாக்கெட் ஒன்றைக் கரைப்பார் பெரியப்பா. பழைய வேட்டியைக் கிழித்து வைத்திருப்பார். மேலே துடைக்க ஒரு துண்டு, சக்கரத்துக்கு ஒரு துண்டு, கண்ணாடிக்கு ஒரு துண்டு. துணி கை தவறித் தரையில் விழுந்துவிட்டால் அதோடு சரி, அன்றைக்கு அது வண்டியைத் தொடக்கூடாது. ஒரு பொட்டு மணல் ஒட்டியிருந்தாலும் பெயின்ட் கீறிவிடுமாம். சக்கரக் கம்பிகள் என் பொறுப்பு. சின்னப் பெண்ணான என் விரல்கள் மட்டும்தான் அந்தச் சந்துகளில் நுழையும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷோடு உட்கார்ந்தால் வெயில் ஏறும்வரை எழுந்திருக்க மாட்டேன். கடைசியில் டப்பாவிலிருந்து மெழுகை எடுத்து வட்டவட்டமாகத் தேய்த்து, அது வெளுத்துக் காய்ந்ததும் துடைத்தெடுப்பார். பானெட்டில் மலை தெரியும். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் குனிந்து எங்கள் முகத்தைப் பார்த்துக்கொள்வோம்.

பிறகு அவர் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பி, பெரியம்மாவைக் கூப்பிடுவார்.

"இந்தா, வர்றியா? அடிவாரத்து முந்தல் வரைக்கும் போயிட்டு வெரசா வந்துருவோம்."

உள்ளேயிருந்து பதில் வரும். "மூடாத வண்டியில ஜோடி போட்டுக்கிட்டுக் கடைத்தெரு வழியாப் போகச் சொல்றீங்களா? பாக்குறவய்ங்க சிரிப்பாய்ங்க. எனக்குச் சோலி கெடக்கு."

ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் அவர் கேட்டார், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் பெரியம்மா மறுத்தார். பெரியப்பா அடுப்படி வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். அதற்குள் நான் இடதுபக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்திருப்பேன். பெரியம்மாவுக்கு வெட்கம் போய்விடக் கூடாதே என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

அந்த இருக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தரையோடு தரையாக உட்கார்ந்திருப்போம். எதிரே வரும் மாட்டின் முகம் நம் முகத்துக்கு நேராக வரும். முப்பது கிலோமீட்டர் வேகம் பறப்பதுபோல் இருக்கும். மலையிலிருந்து இறங்கும் தோட்டத்து ஜீப்பில் வேலைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்துக் கைகாட்டிச் சிரிப்பார்கள். பெரியப்பா ஹாரன் அடித்துப் பதில் சொல்வார். காற்றில் மாந்தோப்பு வாசமும் பெட்ரோல் வாசமும் கலந்து வரும். என் வாழ்நாளில் அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகளில் போய்விட்டேன். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்த மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடு போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன் பெரியப்பா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பூஜை முடிந்ததும் வண்டி முதன்முறையாகப் போடிமெட்டு வரை மலையேறும். இடதுபக்கம் நான்தான் என்று நானே முடிவு செய்து, வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பூஜைக்கு முந்தின நாள் வீட்டில் பெண்கள் எல்லோரும் விளக்குத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க, கறுத்துக் கிடந்த குத்துவிளக்கு தங்கமாக மாறியது. எனக்குப் பொறி தட்டியது. பெரியப்பா மலையில் தோட்டத்துப் பூஜைக்கு ஏற்பாடு செய்யப் போயிருந்தார். அவர் வருவதற்குள் வண்டியை இந்த விளக்கைப்போல ஆக்கிவிட்டால்? மணல்தானே கீறும். இது துணியில் சலித்த செங்கல் பொடி, மாவுபோல இருந்தது. ஒரு கொட்டாங்கச்சி நிறையப் புளியும் பொடியும் எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். தேங்காய் நாரால் பானெட்டின் நடுவில் அழுத்தித் தேய்த்தேன். தண்ணீர் விட்டதும் ஜொலித்தது. பெருமையோடு நின்றுகொண்டிருந்தேன்.

ஈரம் காயக் காய வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தது. வேட்டித் துணியால் துடைத்தேன். போகவில்லை. ஒரு முறம் அளவுக்குப் பச்சை பெயின்ட் முழுக்கக் கீறல். என் முகம் அதில் தெரியவில்லை, மலையும் தெரியவில்லை.

துணியை வீசிவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு ஆயுத பூஜைதான் கைகொடுத்தது. வண்டிக்குச் சந்தனம் வைப்பது வழக்கம்தானே? பூஜையறையிலிருந்து சந்தனப் பொடி டப்பாவை எடுத்து வந்து மொத்தத்தையும் கரைத்து, கீறல் துளிகூடத் தெரியாதபடி கனமாக அப்பினேன். அதன்மேல் விபூதியில் மூன்று பட்டை. நடுவில் அகல் அளவுக்குக் குங்குமம்.

சாயங்காலம் வந்த பெரியப்பா வண்டியைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"யாரு ஆத்தா போட்டது?" என்று என்னைக் கேட்டார்.

"நாந்தான் பெரியப்பா."

"கோயில் வேலை மாதிரி இருக்கு" என்றார். நான் அன்று சோறு தின்னவில்லை.

மறுநாள் காலை ஜீப்புக்கும் தராசுக்கும் மருந்தடிக்கும் மெஷினுக்கும் ஒரு பொட்டோடு பூஜை முடிந்தது. காரைத்தான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தெருவில் போனவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்ததும், பெரியப்பா வழக்கம்போலப் பெரியம்மாவைக் கூப்பிட்டார். பெரியம்மா வழக்கம்போல வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்வீட்டு அத்தை குறுக்கே வந்தார்.

"ஏத்தா, சாமி சப்பரம் கணக்கா நிக்குது. நல்ல நாளும் அதுவுமாக் கூப்புடயில மாட்டேன்னு சொல்லாத. யாரு சிரிப்பா? கும்புடத்தான் செய்வாய்ங்க."

பெரியம்மா வண்டியைப் பார்த்தார். சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்புறம் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது? பயமெல்லாம் பறந்துவிட்டது. ஓட்டுகிற பக்கம் ஓடிப்போய்ப் பெரியப்பாவின் காதில் சொன்னேன். "வண்டிய எடுக்காதீங்க. சந்தனத்துக்கு அடியில பூராக் கீறல். நாந்தான் செங்கல் பொடி வச்சுத் தேச்சுப்புட்டேன்."

பெரியப்பா இறங்கி வந்தார். நகத்தால் சந்தனத்தைக் கொஞ்சம் சுரண்டினார். பார்த்தார். பயணம் நின்றுவிடும், பெரியம்மா இறங்கிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கட்டைவிரலால் சந்தனத்தை இழுத்து அந்த இடத்தை மூடினார்.

"வெளிய மூச்சு விடாத ஆத்தா. அவ எறங்கிருவா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நசுங்கிய எலுமிச்சம்பழங்களுக்கு நடுவே நான் நின்றேன்.

அவர்கள் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. மேலே நல்ல மழையாம். பெரியம்மாவின் கொண்டை அவிழ்ந்து, சேலை நனைந்து, அவர் எதற்கோ சிரித்துக்கொண்டே இறங்கினார். வண்டியில் சந்தனம் ஒரு பொட்டுகூட மிச்சமில்லை. கீறல் ஊருக்கே தெரிந்தது. காணாமல்போன செங்கல் பொடியையும் சந்தனத்தையும் அம்மா நொடியில் கணக்குப் போட்டு, என்னை நோக்கிக் கையை ஓங்கினார்.

"அதுக்கு எதுக்குப் பிள்ளைய அடிக்கிற? மேட்டுல ஒரு மரக்கிளை ஒரசிருச்சு" என்றார் பெரியப்பா.

"ஆமா, பெரிய கிளை" என்றார் பெரியம்மா.

அம்மா ஓங்கிய கையை இறக்கிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கழுவினோம், தேய்த்தோம். எவ்வளவு மெழுகு போட்டும் அந்த இடம் மட்டும் மங்கலாகவே நின்றது. பெரியப்பா அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "நல்ல வேலை செஞ்ச ஆத்தா" என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி அவர் கூப்பிடவே இல்லை. பெரியம்மா தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு ஏற்கெனவே வாசலில் நின்றிருந்தார்.

பெரியப்பா என்னைக் குத்திக்காட்டுகிறார் என்றும், செய்த குற்றத்துக்குத் தண்டனையாகத்தான் என் இருக்கையைப் பறித்துப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிட்டார் என்றும் நினைத்துக்கொண்டு, ஏலக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வண்டிச் சத்தம் தெருமுனையில் தேயும்வரை அழுதேன்.