பல்லாவரம் முதல் சைதாப்பேட்டை வரை

போன ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் தேவசகாயத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பக்கவாதம் வந்து படுத்து ஒரு மாதம் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு குழறுகிறது.

கட்டிலைச் சுற்றி நாலு விருந்தாளிகள். ஒருவர் புறா ரத்தம் தேய்க்கச் சொன்னார். இன்னொருவர், படப்பைப் பக்கம் யாருக்கோ ஏதோ எண்ணெயில் குணமானதாகச் சொன்னார். விழுந்த பிறகு வைத்தியம் சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? விழாமல் இருக்க வழி சொன்ன ஒரே டாக்டரைத்தான் நாங்கள் கேலி செய்து தீர்த்துவிட்டோம்.

நாங்கள் என்றால் — தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி, பீச் வரை ரம்மி ஆடும் நான்கு பேர். தேவசகாயமும் அதில் ஒருவர். எல்லாருக்கும் ஆபீஸ் உத்தியோகம். எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.

தேவசகாயத்துக்கு பிளட் பிரஷர் அதிகம் என்று போன வருஷம் தெரிந்தது. தினமும் மாத்திரை, உப்பைக் குறை, சிகரெட்டை விடு என்றார் டாக்டர். ஒரு மாதம் சாப்பிட்டார். தலைவலி போயிற்று, மாத்திரையும் போயிற்று. நிறுத்தச் சொன்ன மேதை யார் தெரியுமா? அடியேன்தான். பழகிவிட்டால் ஆயுசு முழுக்க விடாது என்று பயமுறுத்தினேன். ஆயுசே அந்த மாத்திரையில்தான் இருக்கிறது என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

பிறகு அந்தத் திங்கட்கிழமை. பல்லாவரம் தாண்டும்போது அவர் கையிலிருந்த சீட்டுகள் நழுவி விழுந்தன. குனிந்து எடுக்கப் பார்த்தார், விரல் மடங்கவில்லை. ஏதோ சொன்னார்... ஒரு வார்த்தையும் புரியவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

நாங்கள் என்ன செய்தோம்? பித்தம் என்றார் ஒருவர். வாயு என்றார் மற்றவர். நான் முகத்தில் தண்ணீர் தெளித்தேன். சைதாப்பேட்டை வருவதற்குள் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. நாங்களே குணப்படுத்திவிட்டதுபோல் ஒரு பெருமிதம். ஆட்டம் தொடர்ந்தது. ஜெயித்தது அவர்தான்.

இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "எஸ்தர்கிட்ட சொல்லிடாதீங்கப்பா. ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிடுவா."

எஸ்தர் அவர் மனைவி, பள்ளிக்கூட டீச்சர். நாங்கள் சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே — ஆண்பிள்ளைகள் இல்லையா?

வியாழக்கிழமை காலை, சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். இந்த முறை கையும் பேச்சும் திரும்பவில்லை.

ஞாயிறன்று நான் கிளம்பும்போது எஸ்தர் வாசல் வரை வந்தார். ட்ரெயினில் நடந்ததை தேவசகாயமே குழறிக் குழறிச் சொல்லியிருக்கிறார். தானாக வந்து தானாகப் போனாலும் அது எச்சரிக்கை, அன்றைக்கே கூட்டிவந்திருந்தால் இதைத் தடுக்கப் பார்த்திருக்கலாம் என்றாராம் ஆஸ்பத்திரி டாக்டர். எஸ்தர் அழவில்லை. வகுப்பில் கேட்பதுபோல் நிதானமாகக் கேட்டார்.

"மூணு பேர் கூட இருந்தீங்களே அண்ணா. ஒருத்தருக்குக்கூடவா என்கிட்ட சொல்லணும்னு தோணலை?"

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டாக்டரிடம் போய்க் கையை நீட்டினேன். எனக்கும் பிரஷர் இருக்கிறது. உடம்பில் ஒரு அறிகுறியும் இல்லை — அதுதான் அதன் சாமர்த்தியமாம். சிகரெட்டை நிறுத்தியாயிற்று. ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போய்விட்டது. என் மனைவி தினமும் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, முழுங்கும் வரை எதிரிலேயே நிற்கிறாள்.

என்மேல் நம்பிக்கை இல்லையாம். புத்திசாலி.