பாவாயி அம்மா போட்ட கையெழுத்து

பாவாயி அம்மாவின் மகள் மேகலா அழைத்தபோது நான் மோகனூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். "அக்கா, அம்மா போயிருச்சுங்க" என்றாள். நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டேன். அதைச் சொல்லிவிட்டு, "உங்க அண்ணனையும் வரச் சொல்லுங்க" என்றாள். அந்த வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வருமா என்று என் அண்ணன் செந்தில் எவ்வளவோ நாளாகக் காத்திருந்தான். கடைசியில் இப்படி வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலேயே அழுதேன்.

பாவாயி அம்மாவை அறிந்தவர்களுக்கு எங்கள் கதையும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் சேந்தமங்கலம் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை பார்த்தவர். மகள் மேகலா, மகன் சரவணன். சரவணன் நாமக்கல்லில் முட்டைக் கிடங்கு ஒன்றில் லோடுமேன். லாரி டிரைவரான என் அண்ணன் ரிவர்ஸ் எடுத்த வண்டிக்கும் கிடங்குச் சுவருக்கும் நடுவில் சிக்கி அவன் செத்துப்போனான். அன்று காலையில் இருவருக்கும் லோடு ஏற்றுவதில் வாய்த்தகராறு. தகராறைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். லாரிக்குப் பின்னால் நடந்ததைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. வேண்டுமென்றே ஏற்றிக் கொன்றான் என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை. "சரவணன்தான் பின்னாடி நின்னு 'வரட்டும், வரட்டும்'னு குரல் குடுத்தான்" என்று அண்ணன் சொன்னதைக் கோர்ட் நம்பவில்லை. பழியைச் செத்தவன்மேலேயே போடுகிறான் என்றார்கள்.

அண்ணன் சேலம் ஜெயிலுக்குப் போன பிறகு, தண்டனையை மறுபடி பார்க்க வேண்டும் என்று அரசைக் கேட்டு இணையத்தில் ஒரு மனுப் போட்டேன். கையெழுத்துகளை எண்ணிப் பார்த்து நீதிபதி தீர்ப்பை மாற்றமாட்டார் என்று வக்கீல் சொல்லத்தான் செய்தார். சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் சொந்தக்காரர்களோ, கையெழுத்துப் போட்டால் ஓ.டி.பி. வரும், பேங்கில் இருப்பது போய்விடும் என்று பயந்து, "நல்ல காரியம் அம்மிணி" என்று வாயால் வாழ்த்திவிட்டு போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். மனு அப்படியே தூங்கியது.

அப்போதுதான் ஒரு மத்தியானம் பாவாயி அம்மா மேகலாவோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அதற்கு முன்னால் அவரைக் கோர்ட்டில்தான் பார்த்திருக்கிறேன், எதிர்ப்பக்கத்தில். திட்டுவதற்கு வந்திருக்கிறார், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். மேகலாவின் போனை நீட்டினார். திரையில் என் மனு. "இதுல பூராவும் உங்கண்ணன் பேருதான் இருக்குது. எம்பையனை 'இறந்தவர், இறந்தவர்'னு போட்டிருக்கறீங்க. அவனுக்குப் பேரு இல்லீங்களா?" என்றார். கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனாலே பந்தியைப் புறக்கணிக்கிற ஆட்கள் நாங்கள். அங்கேயே உட்கார்ந்து எல்லா இடத்திலும் சரவணன் என்று மாற்றினேன். மாற்றி முடித்ததும்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

பிறகு, அண்ணன் என்ன சொல்கிறான் என்று கேட்டார். சொன்னேன். "எம்பையன் கோவம் ஒரு டீ குடிக்கிற நேரந்தான் இருக்கும். சண்டை போட்டவனுக்கே ஓடி வேலை செய்வான். அவன் குரல் குடுத்திருப்பானுங்க" என்றார். "கையெழுத்து மட்டும் கேக்காதீங்க. அன்னிக்கு அங்க நின்னது ஆருன்னு கேளுங்க. எனக்கு நெசம் வேணும்." மனுவின் தலையில் அந்தக் கேள்வியைப் போட்டோம். கீழே அவர் பெயரில் கையெழுத்துப் போட்டு, அவர் சொல்லச் சொல்ல மேகலா அடித்தாள்: "நான் சரவணனோட அம்மா. எம்பையன் எப்படிச் செத்தான்னு பாத்தவங்க சொல்லுங்க சாமி. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அந்த வரிகளுக்குக் கால் முளைத்தது. செத்தவனின் அம்மாவே கேட்கிறாள் என்று டிரைவர்கள் ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்கு அனுப்பினார்கள். நாக்பூர் பக்கம் வண்டியை நிறுத்திச் சோறாக்கிக்கொண்டிருந்த ஒரு சங்ககிரி டிரைவர் அதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அன்று பக்கத்து லாரிமேல் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தவர் அவர். சரவணன் குரல் கொடுத்துக்கொண்டே பின்னால் நடந்ததையும், உடைந்த முட்டையில் கால் வழுக்கி விழுந்ததையும் பார்த்திருக்கிறார். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தியும் இருக்கிறார். லோடு அவசரத்தில் கிளம்பிப் போனவரை யாரும் தேடவில்லை. வழக்கு இப்படிப் போனது அவருக்கும் தெரியாது. வக்கீல் போட்டிருந்த அப்பீலில் வந்து சாட்சி சொன்னார். கொலை இல்லை, கவனக்குறைவு, இதுவரை உள்ளே இருந்ததே போதும் என்று தீர்ப்பு மாறியது. கையெழுத்துகளால் ஆகாத காரியம், அவற்றோடு ஊர் ஊராகப் போன ஒரு கேள்வியால் ஆனது.

இதற்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் ஆத்திரமாக வருகிறது. மகனைக் கொன்றவனுக்காகக் கையெழுத்துப் போட்டவள் என்று சொந்தபந்தம் ஒதுக்கியது. ஊர் நோம்பித் திருவிழாவன்று அவர் வீட்டில் மட்டும் விருந்தாளி இல்லை. "வராட்டிப் போறாங்க. சோறு மிச்சம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணன் வெளியே வந்த அன்று, மனுவின் மேலே அந்த இணையதளமே 'வெற்றி' என்று பட்டை ஒன்று போட்டிருந்தது. சந்தோஷத்தில் ஓடிப் போய் அவரிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுல ஆரு சாமி ஜெயிச்சது?" என்றார். கோபம் இல்லை, நிஜமாகவே கேட்டார். அண்ணன் வந்து பார்க்க ஆசைப்படுகிறான், சரவணன் கடைசியாகச் சொன்னதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருக்கிறான் என்றேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "கேக்கோணும். அதைக் கேக்காம எப்படிச் சாவேன்? ஆனா இன்னிக்கு வேண்டாம் அம்மிணி. தெம்பு வந்ததும் நானே கூப்பிடறேன்" என்றார். அந்தத் தெம்பு வரவில்லை. நாங்களும் அவசரப்படுத்தவில்லை. காலம் கிடக்கிறது என்றுதான் இரண்டு பக்கமும் நினைத்தோம்.

இழவு வீட்டில் அண்ணன் தெருமுனையிலேயே நின்றுவிட்டான். மேகலாதான் போய்க் கூட்டிவந்தாள். சிலர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டாள். பாவாயி அம்மாவின் தலைமாட்டில் நிற்கவைத்து, "எங்கம்மாட்ட சொல்லோணும்னு இருந்ததை இப்பச் சொல்லுங்கண்ணா" என்றாள். அண்ணன் குனிந்து, அவரிடமே சொன்னான். "அம்மா, சரவணன் 'வரட்டும், வரட்டும்'னு சொல்லிட்டு, 'அண்ணா, வண்டிய உட்டுட்டு வாங்க, உங்களுக்கும் டீ வாங்கி வெச்சிருக்கறேன், ஆறுது'ன்னான். அதுதாங்கம்மா."

"இதைக் கேக்கவா எங்கம்மா பயந்துச்சு?" என்று மேகலா கதறினாள்.

யாராவது இப்படி ஒரு மனுவை அனுப்பிக் கையெழுத்துக் கேட்டால், அதில் செத்தவருக்குப் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். பாவாயி அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பழக்கம். எங்கள் மனு இன்னும் இணையத்தில் இருக்கிறது. மேலே 'வெற்றி' என்ற பட்டை, கீழே அவருடைய வரிகள். பட்டையை எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. அந்த வரிகளுக்குக் கீழே சரவணன் சொன்னதை எழுதிவைத்தேன். அவர் படிக்கமாட்டார் என்று தெரிந்துதான் எழுதினேன்.