தங்கச்சியான ஜெர்மன்காரி

என் அண்ணன் ஆசைப்பட்ட ஒரே வேலை என்னால் போனது. நான் தப்பு ஒன்றும் செய்யவில்லை. படம் பார்க்கப் போனேன், அவ்வளவுதான். ஆனாலும் இன்றுவரை மனசு ஆறவில்லை.

ஐம்பதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு டூரிங் கொட்டகை இருந்தது. புதுப்படம் கிடைக்காத நாட்களில் முதலாளி மெட்ராஸிலிருந்து பழைய வெளிநாட்டுப் படம் எதையாவது எடுத்து வருவார். அப்படி வந்ததுதான் அந்த ஜெர்மன் படம். பேசும் படம் வந்த புதிதில் எடுத்ததாம். ஓடும் ரயிலின் கூரைமேல் அடிதடி, மோட்டார் சைக்கிளோடு பால் வண்டிக்குள் பாய்ச்சல் என்று ஒரே சிரிப்பு. பேச்சுதான் ஒருவருக்கும் புரியாது. அதனால் படத்தின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, திரைக்குப் பக்கத்தில் ஒருவர் மைக்கில் தமிழில் கதை சொல்ல வேண்டும். அந்த வேலை அண்ணனுக்குக் கிடைத்தது.

ஆரம்பாக்கத்தில் எங்கள் வயலில் நின்றுகொண்டே போலீஸ்காரர் மாதிரியும் டிக்கெட் பரிசோதகர் மாதிரியும் பேசிக்காட்டுகிறவன் அவன். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். இந்தப் படம் ஒழுங்காக ஓடினால் நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னதும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் இரண்டு நாளும் நல்ல பேர்.

மூன்றாம் நாள் நான் அடம்பிடித்து, பக்கத்து வீட்டு அக்காவோடு போய்ப் பெண்கள் பக்கம் மணலில் உட்கார்ந்தேன். அண்ணன் என்னைப் பார்த்துவிட்டான். அதுவரை கதாநாயகனின் காதலியாகச் சொல்லிவந்த படத்துப் பெண்ணை அன்றைக்கு அவனுக்குத் தங்கச்சியாக்கிவிட்டான். கூடப்பிறந்தவளை எதிரே வைத்துக்கொண்டு காதல் பேச அண்ணனுக்குக் கூச்சம். "டேய் கஸ்மாலம், என் தங்கச்சி மேல கைய வெச்ச, நீ ஊடு போய்ச் சேர மாட்டே!" என்று அவன் கத்தியபோது விசில் பறந்தது.

படத்தின் கடைசியில் கதாநாயகனும் அவளும் முத்தமிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அந்த மாதிரிக் காட்சி வந்தால் ஆபரேட்டர் உள்ளங்கையால் லென்ஸை மறைத்துவிடுவது கொட்டகை வழக்கம். அண்ணன் அதை நம்பியிருந்தான். அன்றைக்கென்று ஆபரேட்டரும் அவன் பேச்சைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

அண்ணனும் தங்கச்சியுமாக இருந்தவர்களின் முத்தம் திரை நிறைய வந்தது. ஆண்கள் பக்கமிருந்து மணலை வாரி வீசினார்கள்.

"இன்னாய்யா அக்கிரமம் இது! பொம்பளைங்கள இட்டுக்கினு வந்து இத்தப் பாக்கணுமா?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அண்ணன் மைக்கை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான்.

முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "காதலின்னு சொல்லிக்கினு இருந்தவன், இன்னிக்கி ஏன்டா மாத்தின?"

அண்ணன் சட்டையிலிருந்த மணலைத் தட்டினான். தங்கச்சி வந்திருந்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஊர் வாயில் என் பேச்சு அடிபடக் கூடாது என்று நினைத்திருப்பான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நானாவது முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். அந்தக் கூட்டத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஊருக்கு ரயில் ஏற ஸ்டேஷனுக்கு நடக்கும்போது அண்ணன் கேட்டான்:

"படம் எப்டிம்மா இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிண்ணா."

"மூணு நாள்ல இன்னிக்கிதான்மா நல்லா சொன்னேன்" என்றான்.