கீழ்வரிசைப் பல்லும் ஒரு கட்டிச் சூடமும்

எனக்கு எண்பத்தொரு வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேரில் ஒருவருக்கும் சொத்தைப் பல் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இதில் ஒளிப்பானேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும், பஸ்ஸில் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். அதற்கு மேல் வராது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடும். அப்போது கம்பத்தில் சந்தைக்குப் பக்கத்தில், எங்கள் தெருவிலேயே, மதுரையிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்து இறங்கினார். இளவட்டம். நல்ல கை. ஆனால் ஒரு பொம்பளையும் அவர் முன்னால் வாயைத் திறக்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு "வலிக்குது" என்பார்கள். எங்கே என்று கேட்டால் கன்னத்தைக் காட்டுவார்கள். கன்னத்தைப் பார்த்து அவர் என்ன வைத்தியம் செய்வார், பாவம்.

நான் வலிக்காமல் முள் எடுப்பேன் என்று தெருவில் ஒரு பேர் உண்டு. காலில் ஒடிந்த கருவேல முள்ளோடு யார் வந்தாலும் என்னிடம்தான் காலை நீட்டுவார்கள். அதைக் கேள்விப்பட்ட டாக்டர் என் வீட்டுக்காரரிடம் வந்து, பொம்பளைகளுக்குப் பல் சுத்தம் செய்ய என்னை அனுப்ப முடியுமா என்று கேட்டார். குமுளிக்கு அரிசி வண்டி ஓட்டுகிறவர் என் வீட்டுக்காரர். யோசிக்கவே இல்லை. "போயிட்டு வா. என் பல்லை மட்டும் விட்டுரு" என்றார்.

டாக்டர் ஒரு கோழிமுட்டைமேல் சுண்ணாம்பைத் தடவிக் காயவைத்து, நுனி வளைந்த கம்பி ஒன்றை என் கையில் கொடுத்தார். சுண்ணாம்பு முழுக்க உதிர வேண்டும், ஓடு விரியக் கூடாது. முதல் வாரம் எங்கள் வீட்டில் தினமும் முட்டைக் குழம்பு. இரண்டாவது வாரம் குழம்பு குறைந்தது. மூன்றாவது வாரம் வீட்டுக்காரர் வட்டிலைப் பார்த்துவிட்டு, "என்னடி, இன்னைக்கும் கத்திரிக்காயா?" என்று சலித்துக்கொண்டார். எனக்குத் தொழில் கைவந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கம்பிகளைக் கொதிக்கவைப்பது, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாம் பழகினேன். ஒவ்வொரு கம்பிக்கும் டாக்டர் இங்கிலீஷில் ஒரு பேர் சொல்வார். என் வாயில் நுழையாது. பெரியமூக்கு, சின்னமூக்கு, கோணமூக்கு என்று நானே பேர் வைத்தேன். ஒரு மாதத்தில் அவரும், "அந்தக் கோணமூக்கை எடும்மா" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

பொம்பளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். அப்படி வந்தவர்தான் கூடலூரில் நிலபுலன் உள்ள பெரிய சம்சாரி வீட்டு ஆத்தா. ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். ஈறெல்லாம் ரத்தம். நாற்பது வருஷத்து வெற்றிலையும் சுண்ணாம்பும் பல்லில் காரையாகப் பிடித்துக் கல்லாய்க் கிடந்தது. கீழ்வரிசைக் காரையை எடுக்கவே அரைநாள் ஆயிற்று. மேல்வரிசைக்கு அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினேன்.

ஆத்தா வரவில்லை, பேச்சுதான் வந்தது. கம்பத்துப் பல்லுக்காரி கூடலூர் ஆத்தாவின் பல்லை அரம் வைத்து அராவிவிட்டாளாம். சந்தை முழுக்க இதே பேச்சு. ஒரு வாரமாக ஒரு பொம்பளை படியேறவில்லை. டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டு, "இப்படியே போனா உங்களை வச்சு நான் என்னம்மா பண்றது?" என்றார். அந்த வேலையை விட எனக்கு மனசில்லை. நேரே போய்ப் பேசிவிடுவது என்று கூடலூருக்குக் கிளம்பினேன். வழியில் மேட்டில் பஸ் நின்றுபோய் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். என் வயிற்றில் மூத்தவன் ஐந்து மாசம். அதனால் என்னை மட்டும் உட்காரவிட்டார்கள்.

ஆத்தா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அந்த வீட்டுப் பொம்பளைகள்.

"வாடி வா. பல்லைக் களவாண்டவ வந்துட்டா. இங்கன பாருங்கடி, பல்லுக்குப் பல்லு சந்து. முன்னெல்லாம் சுவரு மாதிரி அடைச்சுக் கெடந்துச்சு. தண்ணி பட்டா மண்டை வரைக்கும் கூசுது!"

பக்கத்திலிருந்த நாத்தனார் சிரிப்பை அடக்க மாட்டாமல், "எங்க அண்ணன் வேற, யாரு இந்தப் புதுப் பொண்ணுன்னு கேட்டாக மதினி" என்றாள்.

"நீ செத்த சும்மா இருடி."

"அது பல்லு இல்ல ஆத்தா, காரை" என்றேன் நான். "சந்து முன்னயே இருந்துச்சு, காரைதான் அடைச்சு வச்சிருந்துச்சு. கூச்சம் பத்து நாள்ல போயிரும்."

"அப்படின்னா சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. என் பல்லுல ஒரு பொட்டுக்கூட எடுக்கலைன்னு சொல்லி அணை. நம்புறேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொன்னால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சில்லை. பொய்யாக அணைத்தால் வயிறு விளங்காது என்பார்கள். ஒரு வெற்றிலையில் கட்டிச் சூடத்தை வைத்துக் கொளுத்தி என் முன்னால் நகர்த்தினார்கள். நான் கையை ஓங்கினேன். அப்போதுதான் ஒரு பல் ஞாபகம் வந்தது. கை அப்படியே நின்றது.

"பாத்தீகளா, பயப்படுறா!" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"பயமில்லை. ஆத்தா, மத்த பல்லுக்கெல்லாம் அணைக்கிறேன். ஒரு பல்லுக்கு மட்டும் மாட்டேன். கீழ முன்பல்லுல இடப்பக்கம் ரெண்டாவது. சுரண்டி முடிச்சுப் பாத்தா அதுல ஒரு மூலை இல்லை. காரை போச்சா, பல்லு போச்சான்னு எனக்கே தெரியலை. தெரியாததுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். ஆத்தா நாக்கால் அந்தப் பல்லைத் தடவினார், பிறகு விரலால் தடவினார். திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

"அடி இவளே! அது நான் சமையுறதுக்கு முன்னயே கரும்பைக் கடிச்சு ஒடைச்சதுடி. எங்க அப்பன்கிட்ட அதுக்கு அடி வேற வாங்கினேன். காரை மூடிக் கெடந்ததுல நானே மறந்துட்டேன்."

யாரும் கை வைக்காமலே சூடம் எரிந்து முடிந்தது.

"அப்பச் சத்தியம்?" என்றாள் நாத்தனார்.

"சத்தியம் என்னத்துக்கு? நான் கேக்காததையும் சேத்துல்ல சொல்றா. ஏத்தா, மேல்வரிசையை எப்ப எடுப்ப? கீழ வெள்ளை, மேல செவப்புன்னு வச்சுக்கிட்டு நாலு பேரு முன்னாடி சிரிக்க முடியலை."

அடுத்த வாரம் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார், கூடவே நாத்தனாரோடு சேர்த்து நாலு பொம்பளைகள். அதற்கப்புறம் வேலைக்குப் பஞ்சமில்லை. நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். கம்பியை எடுக்குமுன் கண்ணாடியைக் கையில் கொடுத்து, ஒடிந்த பல் எது, ஆடுகிற பல் எது என்று அவரவர் வாயாலேயே சொல்லவைத்துவிடுவேன். மூத்தவன் பிறந்தான், அடுத்தவளும் பிறந்தாள், நான் அந்த வேலையை விடவில்லை.

ஏத்தா, எழுதினது போதும். முதல்லருந்து ஒருக்கா நிதானமா வாசி. நான் சொல்லாத எதையாச்சும் நீயாச் சேத்திருந்தா அங்கனயே நிறுத்துவேன்.