பேட்டரி மாற்றாத சிந்தசைசர்

என் சிந்தசைசர் கீபோர்டுக்குள் இருக்கும் பேட்டரி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது இல்லாவிட்டால், அணைத்ததும் நாம் உருவாக்கி வைத்த சத்தமெல்லாம் போய்விடும். வேறு ஊர்க்காரன் என்றால் அன்றைக்கே மாற்றியிருப்பான். நான் நெய்வேலி குவார்ட்டர்ஸ்காரன். மின்சாரம் தயாராகும் இடத்திலேயே குடியிருப்பவனுக்கு கரண்ட் போகும் என்ற நினைப்பே வராது. அணைத்தால்தானே போகும் என்று அணைக்காமலே விட்டேன். இத்தனைக்கும் மைன்ஸில் எனக்கு எலெக்ட்ரிகல் வேலை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அந்த வாரம் மூன்று நாள் லீவு போட்டு ஒரே ஒரு சத்தத்தைச் செய்தேன். இரண்டு ஒலி அலைகளைக் கொஞ்சம் சுருதி பிசகவிட்டு, ஃபில்டரை மெல்ல மூடினால் யாரோ அழுகையை அடக்குவது போலக் கேட்டது. அரை நிமிடம் வாசித்து, சென்னையில் ஒரு சினிமா இயக்குநருக்கு அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே போன் வந்தது.

"இதே சத்தம்தான் வேணும். க்ளைமாக்ஸ் முழுக்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார்.

பதினைந்து வருடமாகக் கல்யாணங்களிலும் தேவாலயத்திலும் கீபோர்டு வாசித்தவனுக்கு வந்த முதல் படம் அது.

பதினொரு மணிக்கு மனைவி வாசலிலிருந்து வந்தாள். "ஏங்க, லைன்ல உரசுற கிளைய வெட்டறாங்களாம். பத்து நிமிஷத்துல கரண்ட்ட நிறுத்திடுவாங்க. சாயந்தரம்தான் வருமாம்."

லேப்டாப் பேட்டரியில் ஓடும்; சிந்தசைசர் ஓடாது, அந்தச் சத்தமும் அழிந்துவிடும். ஒரே வழி, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து, லேப்டாப்பில் பதிவு செய்துகொள்வது. பிறகு அவற்றைக் கோத்து வாசிக்கலாம். அதற்கு அரை மணி நேரமாவது வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தேன். கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர் ஏற்கெனவே இடுப்பில் கயிற்றோடு மரத்தில் ஏறி, லைன் நிற்பதற்காகக் காத்திருந்தார்.

லைனை நிறுத்தும் இன்ஜினியர் தெரிந்தவர். போன் போட்டேன்.

"வீட்ல ஒரு மெஷின் ஓடிட்டிருக்கு சார். அரை மணி நேரம் நிறுத்தாதீங்க."

"அம்மாவுக்கா? ஆக்ஸிஜனா?"

அம்மா குறிஞ்சிப்பாடியில் அண்ணன் வீட்டில் நன்றாக இருந்தாள். நான் "ம்" என்றேன். முடிந்ததும் சொல்லச் சொல்லி வைத்தார். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஒவ்வொரு கட்டையையும் மெதுவாக ஒரு முறை, அழுத்தி ஒரு முறை பதிவு செய்தேன். விரல் வியர்த்து வழுக்கியது. பக்கத்துக் கட்டை சேர்ந்து விழுந்தால் அந்தக் கட்டையை மறுபடியும் முதலிலிருந்து. சத்தம் அடங்கக் காத்திருக்கும் ஒவ்வொரு முறையும் கண் ஜன்னலுக்குப் போனது. அந்த ஆள் கழுத்தையும் முதுகையும் தட்டிக்கொண்டே இருந்தார். கடிப்பது முசுறு எறும்பு. எனக்குத் தெரிந்தது. இன்னும் எட்டுத்தான், இன்னும் நாலுதான் என்று சொல்லிக்கொண்டேன். தேவையானது கிடைத்த பிறகும், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் சிலவற்றைப் பதிவு செய்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான். அதன் பிறகே இன்ஜினியருக்குச் சொன்னேன். கரண்ட் நின்றது.

ஐந்தரைக்கு இசையை அனுப்பினேன். பிடித்துவிட்டது என்று உடனே பதில் வந்தது. விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் யாரோ கதவைத் தட்டினார்கள். மரத்தில் இருந்தவர். கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது.

"லைன் குடுத்தாச்சு சார். அம்மாவுக்கு இப்ப பரவாயில்லீங்களா?"

நான் வாசலை மறைத்து நின்றேன்.

"எங்கம்மாவும் மூச்சு வுட முடியாம கஷ்டப்பட்டுகினுதான் சார் போனாங்க. எறங்கி ஏறுனா கரண்ட் திரும்ப வர இன்னும் லேட்டாவும்னு மேலயே குந்திகினு இருந்தேன். ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்னு வந்தேன்."

"பரவாயில்ல. தூங்கறாங்க" என்றேன், கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டே.

அவர் குரலைத் தாழ்த்தினார். "தூங்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படி இறங்கினார்.