தூக்கத்தை முதல் பாடமாக வைத்தவர்

வியாழக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. லூர்து சார் போய்விட்டாராம், மாரடைப்பு. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அக்கவுண்டன்சி பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு இப்படியா கிளம்புவது?

விவேக் நகரில் ஒரு தையல் கடை மாடியில் நாங்கள் இருவரும் பாடம் எடுத்தது உங்களில் பலருக்குத் தெரியும். வீடில்லாமல் பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசலிலும் படுத்து, பகலில் வேலை பார்த்து, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுகிற இளைஞர்களுக்கான வகுப்பு அது. ரேகா அப்படி வந்தவள். கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே தேர்வில் தோற்றவள், இந்தத் தடவையும் போனால் படிப்புக்கே முழுக்கு என்று சொல்லியிருந்தாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தாலே தூங்கி விழுவாள்.

லூர்து சாருக்கு எதைப் பார்த்தாலும் 'ஏன்' என்று மனசு குடையும். "ராத்திரி எங்கேம்மா தூங்குறே?" என்று கேட்டார்.

"எங்க சார் தூங்குறது? பையைப் பார்த்துக்கணும், செருப்பைப் பார்த்துக்கணும், வர்றவன் போறவனைப் பார்த்துக்கணும்."

மறுநாள் கால அட்டவணையில் முதல் பாடம் தூக்கம் என்று எழுதியிருந்தது. எல்லோரும் பாய் விரித்துப் படுப்பார்கள். அவர்களுடைய பைகளைப் பக்கத்தில் குவித்துக்கொண்டு இவர் வாசற்படியில் காவல் இருப்பார். அதற்குப் பிறகுதான் பாடம்.

எங்களுக்கு வாடகைப் பணம் தந்து உதவிவந்த ஓர் அம்மா ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அறை முழுக்கக் குறட்டை. "என்ன சார் இது, ஸ்கூலா சத்திரமா?" என்றார்.

"மெல்லப் பேசுங்க மேடம், கிளாஸ் நடக்குது" என்றார் லூர்து சார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரோ நிஜமான ஆர்வத்தோடு அடுத்த கேள்வியைக் கேட்டார். "செருப்பைத் தலைக்கு வச்சுத் தூங்கியிருக்கீங்களா மேடம்? நான் வீட்ல வச்சுப் பார்த்தேன். காது என்னமா வலிக்குது தெரியுமா?"

அந்த அம்மா திரும்பிப் படியிறங்கினார். அடுத்த மாதத்திலிருந்து உதவி வரவில்லை. வாடகைக்காக லூர்து சார் காலையில் வெளியே டியூஷன் எடுக்க ஆரம்பித்தார். வகுப்பும் தூக்கமும் அப்படியே நடந்தன.

ரேகா பாஸானாள். வேலை பார்த்தபடியே பி.காம். முடித்தாள். இப்போது தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் அவள் கல்லறை கேட் அருகே நின்றிருந்தாள். "போன மாசம்தான் சொந்தமா ஒரு ரூம் எடுத்தேன் அக்கா. சாரைச் சாப்பிடக் கூப்பிடணும்னு இருந்தேன். ஜன்னலுக்கு ஒரு திரை வாங்கிட்டுக் கூப்பிடலாம்னு தள்ளிப்போட்டேன்" என்று சொல்லி உடைந்து அழுதாள். நானும் அழுதேன்.

திட்டுவதற்கு முன்னால் கேட்டுப் பார்க்கிற பழக்கத்தை லூர்து சாரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்க்கிறேன். என் வாய் உங்களுக்குத் தெரியும், சுலபமில்லை. இன்னொன்றும் அவரிடமிருந்து என்னிடம் வந்திருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, திரை போடாத அந்த அறையில், அவருக்கென்று ரேகா நினைத்து வைத்திருந்த சாப்பாட்டை நான் போய்ச் சாப்பிட வேண்டும்.