விளக்கு அடிக்கடி என் கைக்கு வந்த மாதங்கள்

பினாங்கில் நான் முதன்முதலாக வெட்கப்பட்டது ஒரு மருந்துக் கடையில். திண்டுக்கல்லில் நாப்கின் கேட்டால், கடைக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கடத்தல் பொருள் மாதிரி நீட்டுவார். இங்கே கல்லாவில் இருந்த சீனப் பெண் பை வேண்டுமா என்று மலாயில் கேட்டாள். பிளாஸ்டிக் பையை இந்த ஊரில் சும்மா தருவதில்லை. அவள் கேட்டது எனக்குப் புரிவதற்குள் பொட்டலத்தை அப்படியே என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். பட்டப்பகலில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு டத்தோ கிராமாட்டில் என் வீடுவரை நடந்தேன். எதிரே வந்த ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இந்த ஊரில் இதற்கெல்லாம் ஒளிவுமறைவே கிடையாது என்று கல்லூரித் தோழிகளுக்கு அன்றே பெருமையாக எழுதினேன். நான் எதையும் சீக்கிரம் முடிவு கட்டுகிறவள்.

பாயான் லெப்பாசில் ஒரு சிப் தொழிற்சாலையில் எனக்குப் பொறியாளர் வேலை. குடியிருப்பது மகேஸ் அக்கா வீட்டு மாடி அறையில். அக்கா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் கிராணி, நம் ஊர் குமாஸ்தா. கணவர் ஜொகூரில் லோரி ஓட்டுகிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்துபோவார். அறையைப் பார்க்க வந்த அன்றே அக்கா, இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வோடு, ஒரு நிபந்தனை போட்டார். "சாமி வெளக்கு தெனமும் எரியணும்லா. எனக்கு அந்த நாளு வந்தா நீ ஏத்து. ஒனக்கு வந்தா நான் ஏத்துறேன்." இதே வாசற்படிச் சண்டையை அம்மாவோடு எத்தனை வருடம் போட்டிருக்கிறேன்! அந்த மூன்று நாளும் பூசையறைப் பக்கம் போனால் அம்மா கையிலிருக்கும் கரண்டியாலேயே வழி மறிப்பாள். கடல் தாண்டி வந்தும் அதே வாசற்படியா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் அறையில் நல்ல காற்று வந்தது, அடுப்பில் அக்காவின் சம்பால் மணத்தது. சரி என்றுவிட்டேன்.

முதல் சில மாதங்கள் விளக்கு முறையாகத்தான் கை மாறியது. தீபாவளிக்குப் பிறகு, "கவி, இன்னிக்கி நீ ஏத்திரு" என்ற குரல் மாடிப்படிக்குக் கீழிருந்து அடிக்கடி வரத் தொடங்கியது. நானும் வேலையிலிருந்து வந்த வேகத்தில் குளித்துவிட்டு, ஏற்றிவிட்டு, சாப்பிடப் போய்விடுவேன். ஒருநாள் தீக்குச்சியைக் கிழித்தபோதுதான் உறைத்தது: போன வாரமும் நான்தானே ஏற்றினேன்? அதற்கு முந்தியும்? தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான சிப்புகளுக்கு நடுவே ஒழுங்கு தவறுகிற ஒன்றைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டில் அது கண்ணெதிரே நடந்திருக்கிறது. குச்சி விரலைச் சுடும்வரை நான் கவனிக்கவில்லை.

கேட்டேன். சூடு என்றார் அக்கா. டுரியான் பழம் சாப்பிட்டது, வேறொன்றுமில்லை. பார்லித் தண்ணீர் ஒரு பானை நிறையக் கொதித்தது. அடுத்த முறை வயசு என்றார். நாற்பத்து நான்கில் இப்படித்தான் முன்னே பின்னே வருமாம். பிறகு குளிர்பெட்டி மேல் ஒரு மாத்திரை அட்டையைப் பார்த்தேன். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அக்காவுக்கு நேர்த்திக்கடன். விரத நாளில் தீட்டு வந்துவிடக் கூடாதென்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை யாரிடமோ வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தார். விழுங்கும்வரை நின்றது, நிறுத்தியதும் மறுபடி வந்தது. கணவர் வந்துபோன மறுநாளும் கொஞ்சம் பட்டது என்பதைப் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, எனக்குக் கேட்டும் கேட்காமலும் சொன்னார்.

படிக்கிற தோழிகளுக்கு நான் அப்போது தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதவிலக்குக்கு நடுவே ஒரே ஒருமுறை லேசாகப் படுவது பெரும்பாலும் பயப்படுகிற விஷயமில்லை. கருத்தடை மாத்திரை தொடங்கிய புதிதிலும் அப்படி வரலாம். சில மாதத்தில் அடங்கிவிடும். திரும்பத் திரும்ப வந்தாலோ, உறவுக்குப் பின் பட்டாலோ, மாதவிலக்கு அடியோடு நின்று ஒரு வருடமான பிறகு ஒரு சொட்டு வந்தாலும், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் இரத்தம் பட்டால் தள்ளிப்போடவே கூடாது. நாப்கின் மணிக்கொன்று நனைகிறது, கடுமையாக வலிக்கிறது, தலை சுற்றி விழப் பார்க்கிறது என்றால் அந்த நேரமே கிளம்ப வேண்டும். காரணம் கிருமியாக இருக்கலாம், சதை வளர்ச்சியாக, நார்க்கட்டியாக இருக்கலாம். அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது, கூகுளாலும். எந்த மாத்திரை சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. தள்ளிப்போடும் மாத்திரையே கணக்கைக் குழப்பிவிடும்.

இதையெல்லாம் அக்காவிடம் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "தைப்பூசம் முடியட்டும்லா. இப்ப போயி அவங்க ஏதாச்சும் சொல்லிட்டா, நான் கொடம் எடுக்க முடியுமா?" பயம் அங்கேதான் இருந்தது. அம்மாவும் இப்படித்தான். நிற்கிற வயசு என்று சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் மறைத்து, கடைசியில் ரேசன் கடை வரிசையில் மயங்கி விழுந்தாள். உடம்பில் இரத்தமே இல்லை, நார்க்கட்டி என்றார்கள். அன்று அம்மாவைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியது நான். இதை அக்காவிடம் சொன்னேன், அதற்கும் அசையவில்லை. எழுந்து மாடிக்குப் போகும்போது, உண்மையாகவே மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அக்கா, இந்த மாசம் வெளக்கு உங்க கையில இருந்ததா, என் கையிலயா?"

அக்கா பூசையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நான் வாடகைக்கு வந்தவ. உங்க சாமிக்கு இப்ப என்னைத்தான் தெரியும்."

"வாயி ரொம்ப நீளம் ஒனக்கு" என்றார். நான் மேலே போய்ப் படுத்த பிறகு படிக்கட்டுக்குக் கீழிருந்து குரல் வந்தது. "நாளைக்கு எம்.சி. லீவு எடுப்பியா?"

கிளினிக்கில் என் மலாய் மானத்தை வாங்கியது. அக்கா நாணத்தில் வாயைத் திறக்காததால் நானே முந்திக்கொண்டு, மாதம் இரண்டு தடவை, இரத்தம் என்று தெரிந்த சொற்களை அடுக்கினேன். தாதி கனிவாகத் தலையாட்டி, என் கையைப் பிடித்து இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிவிட்டாள். அக்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "நான்தான் நோயாளி. இது என் அடேக்" என்று மலாயில் சொன்னார். தங்கை. திண்டுக்கல்லில் நான் வீட்டுக்கு மூத்தவள். பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பை வாயில் சின்னதாக ஒரு சதை வளர்ந்திருந்தது. அதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பிய பெண் மருத்துவர், இரண்டொரு நாள் இரத்தம் படும், அது மாதவிலக்கு இல்லை, மலாயில் லூக்கா, வெறும் புண் என்றார். சோதனை முடிவு தைப்பூசத்துக்கு முன்பே வந்துவிட்டது: கெட்டது எதுவும் இல்லை. அக்கா மாத்திரை இல்லாமலே குடம் எடுத்து மலையேறினார். நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்தேன்.

ஆனால் எனக்கு மறக்காதது, சதையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைய சாயங்காலம். சோதனை முடிவு இன்னும் வரவில்லை. அக்கா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பழக்கத்தில், "கவி, நீ ஏத்திரு" என்றார்.

"அக்கா, எனக்கும் இன்னிக்கி வந்துருச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். மெல்ல எழுந்து கை கால் கழுவிக்கொண்டு பூசையறைக்குள் போனார். "புண்ணுக்கு ஏதுலா தீட்டு?" என்று எனக்கா சாமிக்கா தெரியாமல் சொல்லிவிட்டு, குச்சியைக் கிழித்தார். சுடர் நின்றதும் திரும்பி, "நீயும் வா, கும்பிட்டுக்க" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அம்மா. அங்கே இன்னும் வெயில் தாழவில்லை. மொட்டை மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெளக்கு ஏத்தியாச்சா?"

"ஏத்தியாச்சும்மா."

"கவி, வாலா" என்றார் அக்கா உள்ளேயிருந்து.

"யாரு கூப்புடுறா?"

"அக்கா. சாமி கும்பிட."

"கூப்புடுறாங்கல்ல, போயேன்" என்றாள் அம்மா, எதுவும் தெரியாமல்.

இரண்டு பேரும் போகச் சொல்லிவிட்டார்கள். இத்தனை வருடம் நான் கேட்டுச் சண்டை போட்டது இதற்குத்தான். ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தேன். இன்னொரு கால் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தது.